காயடித்த மட்டக்குதிரை பொலிக்குதிரை போல் நடந்துகொண்டால்

கேள்வி: எங்கள் மட்டக்குதிரைக்கு 8 வயது. காயடித்தது என்று சொல்லித்தான் போன வருடம் வாங்கினோம். பரம சாது. எங்கள் 11 வயது மகள் அவன் மேல்தான் சவாரி கற்றுக்கொண்டாள். துணைக்கு வயதான, காயடித்த குதிரை ஒன்றும் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் ஒரு பெட்டைக் குதிரையை வாங்கி அதே பட்டியில் விட்டோம். அன்றிலிருந்து இவன் ஆளே மாறிவிட்டான். பெட்டையை ஒரு மூலையில் மடக்கி வைத்துக்கொண்டு கிழக்குதிரையை அண்டவிடுவதில்லை. கீச்சென்று கத்துகிறான், பெட்டை மேல் ஏறுகிறான். போன வாரம் பெட்டையைப் பிடிக்கப் போன என் கணவரைத் தோளில் கடித்துவிட்டான். "காயடிக்கும்போது கொஞ்சம் விட்டுவிட்டார்கள்" என்கிறார் ஒருவர். "நாலு போடு போட்டால் அடங்கிவிடும்" என்கிறார் இன்னொருவர். விற்றவர் எங்களை ஏமாற்றிவிட்டாரா? மறுபடியும் காயடிக்க வேண்டுமா? அவனை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று மகள் அழுகிறாள்.
— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கணவரின் தோளைக் கவனியுங்கள். குதிரைக் கடி வெளியே சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே தசை நசுங்கியிருக்கும். இன்னும் மருத்துவரிடம் காட்டவில்லை என்றால் இன்றைக்கே காட்டுங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டார் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். குதிரை லத்தி விழும் மண்ணில் அந்தக் கிருமி இருப்பது சாதாரணம். அடுத்தது, பெட்டையை வேறு இடத்துக்கு மாற்றும் வரை உங்கள் மகள் அந்தப் பட்டிக்குள் போகக் கூடாது. அவள் மேல் அவனுக்கு எவ்வளவு பாசம் இருந்தாலும் சரி. பெட்டையைக் காவல் காக்கும் குதிரை, குறுக்கே வருவது யார் என்று பார்ப்பதில்லை.

விற்றவரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவர் பொய் சொன்னார் என்று இப்போதைக்கு நினைக்க வேண்டாம். அவரிடம் இருந்தபோது பெட்டை வாசமே படாமல் வளர்ந்திருந்தால், இந்தக் குணத்தை அவரே பார்த்திருக்க மாட்டார். உங்களிடமும் பெட்டை வரும் வரை சாதுவாகத்தானே இருந்தான்?

"கொஞ்சம் விட்டுவிட்டார்கள்" என்ற பேச்சு குதிரை வளர்ப்பவர்களிடம் பல காலமாகப் புழங்குகிறது. விதையை எடுக்கும்போது அதை ஒட்டியிருக்கும் விந்துக்குழாய்ச் சுருளில் ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டால் குதிரைக்கு ஆண் வேகம் போகாது என்று நம்புகிறார்கள். அது சரியல்ல. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரப்பது விதைக்குள் இருக்கும் செல்கள். குழாய்த் துண்டு எதையும் சுரக்காது. அது உள்ளே இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

நடக்கக்கூடியது வேறு. ஒரு முழு விதையே உள்ளே தங்கியிருக்கலாம். ஆண் குட்டிக்கு விதைகள் வயிற்றுக்குள் உருவாகி, பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்து பிறந்து பத்து நாளுக்குள் பைக்கு இறங்கிவிடும். சில குட்டிகளுக்கு ஒன்று வயிற்றிலோ தொடையிடுக்கிலோ நின்றுவிடும். மட்டக்குதிரைகளில் தொடையிடுக்கில் தங்குவது அதிகம். இறங்கிய ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள். நாலு கை மாறியதும் அந்த விவரம் காணாமல் போயிருக்கும். உள்ளே தங்கிய விதை, உடல் சூட்டில் விந்தணுவை உருவாக்காவிட்டாலும் ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் காயடித்த குதிரை, உள்ளுக்குள் பொலிக்குதிரை.

இதைத் தடவிப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. பையில் இரண்டு தழும்பு இருக்கிறது என்பதும் சாட்சி ஆகாது; தேடிப் பார்த்துக் கிடைக்காமல் மூடிய இடத்திலும் தழும்பு விழும். ரத்தப் பரிசோதனைதான் நம்பகமான வழி. அதிலும் டெஸ்டோஸ்டிரோனை ஒரு தடவை மட்டும் பார்த்துவிட்டு "குறைவாக இருக்கிறது, கவலை இல்லை" என்று யாராவது சொன்னால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். உள்ளே தங்கிய விதை சில சமயம் மிகக் கொஞ்சமாகத்தான் சுரக்கும். அதனால் மருத்துவர்கள் முதலில் ஒரு ரத்த மாதிரி எடுத்து, எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் ஊசியைப் போட்டு, ஓரிரு மணி நேரம் கழித்தும், தேவைப்பட்டால் அடுத்தடுத்த நாட்களிலும் மாதிரி எடுப்பார்கள். விதை இருந்தால் அந்த ஊசிக்குப் பதில் சொல்லும், டெஸ்டோஸ்டிரோன் ஏறும். இல்லாவிட்டால் அப்படியே கிடக்கும். இதைவிட எளிய பரிசோதனையும் உண்டு. ஆண்டி முல்லேரியன் ஹார்மோன், சுருக்கமாக ஏ.எம்.எச்., ஆண் குதிரையில் விதையிலிருந்துதான் வரும். ஒரே ஒரு மாதிரி போதும். முழுதாகக் காயடித்த குதிரையின் ரத்தத்தில் அது தென்படாது. உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரிடம், எந்தப் பரிசோதனைக்கு மாதிரி அனுப்பும் வசதி இருக்கிறது என்று கேட்டு அதைச் செய்துகொள்ளுங்கள்.

விதை இருப்பது உறுதியானால் அறுவை சிகிச்சைதான். தயங்க வேண்டாம். உள்ளே தங்கிய விதையில் கட்டி வரும் அபாயமும் உண்டு என்பதால், குணத்துக்காக மட்டுமல்ல, உடம்புக்காகவும் எடுத்துவிடுவது நல்லது. ஸ்கேனில் இடம் பார்த்துக்கொள்வார்கள். வயிற்றுக்குள் இருந்தால் பல சமயம் குதிரையை நிற்கவைத்தபடியே சிறு துளை வழியாக எடுக்கிறார்கள். ஹார்மோன் சீக்கிரம் இறங்கிவிடும், பழக்கம் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. சில மாதம் பொறுக்க வேண்டும்.

ஆனால், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வருவதற்கே வாய்ப்பு அதிகம் என்று எனக்குப் படுகிறது. பல மாதம் சாதுவாக இருந்தவன், பெட்டை வந்த பிறகுதான் மாறியிருக்கிறான். இது முழுதாகக் காயடித்த குதிரைகளிலும் சகஜம். 1985-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பருவம் வருவதற்கு முன்பே காயடிக்கப்பட்ட குதிரைகளில்கூட 100-க்கு 20 முதல் 30 வரை மற்ற குதிரைகளிடம் பொலிக்குதிரை போல் நடந்துகொண்டன. மனிதரிடம் மூர்க்கம் காட்டியவை 5 அளவில் இருந்தன. சின்ன வயதில் காயடித்தாலும் வளர்ந்த பிறகு காயடித்தாலும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் "லேட்டாகக் காயடித்திருப்பார்கள்" என்று பழையவர்கள் மேல் பழி போட வேண்டியதில்லை. ஆண் குட்டிகள் பால் குடிக்கும் பருவத்திலேயே விளையாட்டாக ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அந்தக் குணம் பிறக்கும்போதே மூளையில் அமைந்துவிடுகிறது. விதையை எடுப்பதால் அதன் வேகம் குறையும், அடியோடு போய்விடாது. உங்கள் குதிரை கெட்டுப்போகவில்லை, உங்களை எதிர்க்கவும் இல்லை. கூட்டத்தில் ஓர் ஆண் செய்யும் வேலையைச் செய்கிறான்.

சரி, என்ன செய்வது? பரிசோதனை முடிவு எதுவாக இருந்தாலும், பெட்டையைப் பிரிப்பதுதான் முதல் மருந்து. மற்ற எதையும்விட இதுதான் வேலை செய்யும். ஒரே வேலிக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று பிரித்தால் பிரச்சினை முற்றும். வேலி மேல் கால் போட்டுக் குதிரை காயப்படும். நடுவில் நல்ல இடைவெளி விட்டு இரண்டு வேலி போடுங்கள். பெட்டை கண்ணில் படாத இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. இவனைத் தனியாகக் கட்டிப்போட்டுவிடாதீர்கள். குதிரை கூட்டமாக வாழும் பிராணி, தனிமை அதை வேறு விதத்தில் கெடுக்கும். கிழக்குதிரையோடு சேர்த்து விடுங்கள். இருவருக்கும் இடையில் இப்போது மனக்கசப்பு இருக்கும் என்பதால், சில நாள் வேலிக்கு இரண்டு பக்கமும் நிற்கவைத்து, மூக்கோடு மூக்கு உரசி அமைதியான பிறகு ஒன்றாக விடுங்கள். தீனி வைக்கும்போது தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள். பெட்டைக்கும் ஒரு துணை வேண்டும். இன்னொரு பெட்டையாக இருந்தால் நல்லது. முதல் சில நாட்கள் இவன் வேலியோரம் ஓடுவான், கனைத்துக்கொண்டே இருப்பான். பாவமாக இருக்கிறது என்று மறுபடி சேர்த்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால், கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான்.

இதில் பெட்டையின் நலனும் இருக்கிறது. விதை இல்லாத குதிரை சினைப்படுத்தாது, ஆனால் மேலே ஏறி உறுப்பு உள்ளே போனால் பெட்டையின் கருப்பையில் கிருமித் தொற்று ஏற்படலாம். அதற்கு வெள்ளை படுதல் போல் ஏதாவது தெரிந்தால் மருத்துவர் வரும்போதே அதையும் காட்டுங்கள்.

ஒரு நோட்டுப் போட்டுக் குறித்து வையுங்கள் என்று சொல்வேன். பெட்டைக்குச் சுமார் 21 நாளுக்கு ஒரு முறை சூடு, அதாவது இணை சேரும் பருவம் வரும், ஐந்தாறு நாள் இருக்கும். பகல் நீளும் மாதங்களில் இது ஒழுங்காக வரும். இவன் மோசமாக நடந்துகொண்ட நாட்களை அதோடு பொருத்திப் பார்த்தால், எந்த வாரம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அப்புறம், கையாளும் முறை. குதிரைகளை இடம் மாற்றும்போது இரண்டு பெரியவர்கள் இருங்கள். எப்போதும் இவனை முதலில் வெளியே எடுத்துக் கட்டிவிட்டு, பிறகு பெட்டையிடம் போங்கள். உங்கள் கணவருக்கு நடந்தது வரிசை மாறியதால்தான். தலையைத் தரையோடு தாழ்த்தி, காதைப் பின்னால் ஒட்டவைத்து, கழுத்தைப் பாம்பு போல் ஆட்டிக்கொண்டு வந்தால் அது விரட்டும் தோரணை. அப்போது நின்று சமாதானம் பேசாமல் வெளியே வந்துவிடுங்கள். பிடிக்கும்போது ஹெல்மெட்டும் கையுறையும் அவசியம். கயிறு மூன்று மீட்டராவது நீளம் இருக்கட்டும். கையில் வைத்துத் தின்பண்டம் ஊட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். கேரட் கொடுக்க ஆசைப்பட்டால் வாளியில் போடுங்கள். வாயைக் கையருகே கொண்டுவரும் பழக்கம்தான் நாளைக்குக் கடியாகும்.

அடிக்கச் சொன்னவரின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். ஏற்கெனவே ஆவேசமாக இருக்கும் குதிரையை அடித்தால் ஒன்று திருப்பித் தாக்கும், இல்லையென்றால் கையைத் தூக்கினாலே மிரளும். முகத்தில் அடித்தால் அப்புறம் அதற்குக் கடிவாளம் போடுவதே பாடாகிவிடும். அதற்குப் பதில் தினமும் பத்து நிமிடம், பெட்டை இல்லாத இடத்தில், கயிற்றில் பிடித்துக்கொண்டு சின்னச் சின்ன வேலை சொல்லுங்கள்: நில், இரண்டு எட்டுப் பின்னால் போ, திரும்பு, நட. சொன்னதைச் செய்த அந்த நொடியில் கயிற்றைத் தளர்த்துங்கள். குதிரைக்கு அதுதான் பரிசு. தட்டிக்கொடுப்பதைவிட, கழுத்து முதுகோடு சேரும் மேட்டில் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பு குறைவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். சில வாரத்தில், தூரத்தில் பெட்டை நின்றாலும் காதை உங்கள் பக்கம் திருப்புவான்.

தானியத் தீனி கொடுத்துக்கொண்டிருந்தால் குறையுங்கள். லேசான வேலை செய்யும் மட்டக்குதிரைக்குப் பெரும்பாலும் தானியமே தேவைப்படாது. கொழுத்தால் குளம்பு நோய் வரும். 200 கிலோ எடையுள்ளதற்கு நாளைக்கு மூன்று முதல் நான்கு கிலோ உலர்ந்த புல் கணக்கு. குணம் மாறட்டும் என்று பட்டினி மட்டும் போடாதீர்கள். மட்டக்குதிரைகள் திடீர்ப் பட்டினியில் ரத்தத்தில் கொழுப்பேறிச் சாகக்கூடும். மருத்துவர் வரும்போது பல், முதுகு, ஆண்குறி உறை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வலி இருக்கும் குதிரை சீக்கிரம் கடிக்கும்.

சாந்தப்படுத்தும் மூலிகைப் பொடிகளுக்குச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அல்ட்ரினோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மருந்தைச் சில மருத்துவர்கள் கொடுப்பதுண்டு. பிரித்து வைத்த பிறகும் அடங்காவிட்டால் மட்டும் அதைப் பற்றிப் பேசுங்கள். அந்த மருந்து தோல் வழியாக உடம்புக்குள் போகும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது, மற்றவர்களும் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும்.

மகளிடம், அவனை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை என்று சொல்லலாம். பெட்டையைத் தள்ளி வைத்து, இவன் அமைதியான பிறகு, ஒரு பெரியவர் பக்கத்தில் நடக்க அவள் மறுபடி சவாரி செய்யட்டும். பெட்டை சூட்டில் இருக்கும் நாட்களில் வேண்டாம். ஒருவேளை இரண்டையும் தள்ளித் தள்ளி வைக்க உங்களிடம் இடமே இல்லை என்றால், உங்கள் மகள் சவாரி கற்ற குதிரையை வைத்துக்கொண்டு, மூன்று மாதம் முன் வந்த பெட்டைக்கு நல்ல இடம் தேடுங்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.