வைஃபை இணைகிறது, உள்நுழைவுப் பக்கம் வரவில்லை

பிரவுசரில் நெவர்எஸ்எஸ்எல்.காம் (neverssl.com) என்று கையால் தட்டிப் பாருங்கள். பாங்காக் ஹோட்டலில் "இணைந்தது" என்று காட்டியும் அறை எண் கேட்கும் பக்கம் வரவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் இதிலேயே அது வந்துவிடும்.

ஹோட்டல் ரவுட்டர் நீங்கள் திறக்கும் முதல் பக்கத்தை மறித்து, தன் பக்கத்துக்குத் திருப்பிவிடும். இப்போது பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ், அதாவது குறியாக்கம் செய்து பூட்டிய இணைப்பு. அதை நடுவில் மறித்தால் பிரவுசர் எச்சரித்து நின்றுவிடும். நெவர்எஸ்எஸ்எல் வேண்டுமென்றே பூட்டில்லாத பழைய எச்டிடிபியில் ஓடுகிற தளம், அதனால் ரவுட்டரால் அதை மறித்துத் திருப்ப முடியும்.

அதிலும் வரவில்லையா? எனக்கு உங்கள் போனின் பிரைவேட் டிஎன்எஸ் (தளப் பெயர்களுக்கான முகவரியை நீங்கள் குறித்த சர்வரிடம் மட்டும் கேட்கும் அமைப்பு) மேல்தான் சந்தேகம். ஆண்ட்ராய்டு 9 முதல் இந்த வசதி இருக்கிறது. விளம்பரத்தைத் தடுக்க என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு முகவரியைப் போட்டுவிட்டு மறந்திருப்போம் (நானும்தான்). செட்டிங்ஸில் அதை ஆஃப் செய்யுங்கள், விபிஎன் இருந்தால் அதையும். அப்புறம் வைஃபையை அணைத்துப் போட்டு மறுபடி முயலுங்கள். உள்ளே நுழைந்ததும் இரண்டையும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் கவனம். வழியில் சான்றிதழ் எச்சரிக்கை (இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று பிரவுசர் சொல்வது) வந்தால் "பரவாயில்லை, தொடர்" என்று அழுத்தாதீர்கள். பக்கம் சரியாக வந்தும் அறை எண்ணை ஏற்கவில்லை என்றால் கோளாறு போனில் இல்லை. சில ஹோட்டல்களில் ஓர் அறைக்கு இரண்டு மூன்று சாதனம்தான் கணக்கு. ரிசப்ஷனில் சொல்லிப் பழைய இணைப்புகளை நீக்கச் சொல்லுங்கள்.