பேஸ்பாலில் சின்ன ஒப்பந்தங்கள் கோப்பை வாங்கித் தருமா?

சீசன் முடிந்த இடைவெளியில் அதிகம் பேசப்படாத ஆட்களை எடுப்பதால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்க அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸ் கதையைப் பாருங்கள்.

2002 டிசம்பரில் மட்டையாளர் டேவிட் ஓர்டிஸை மின்னசோட்டா ட்வின்ஸ் அணி வேண்டாமென்று கழற்றிவிட்டது. அடுத்த மாதமே பாஸ்டன் அவரை 12.5 லட்சம் டாலருக்கு எடுத்தது. அந்த உலகத்தில் அது சில்லறைக் காசு. அதே குளிர்காலத்தில்தான் பில் மில்லரும் கெவின் மிலாரும் வந்தார்கள். மூவருமே அப்போது பெரிய நட்சத்திரங்கள் இல்லை.

அப்புறம் 2004 அக்டோபர் 17. இறுதிப் போட்டியான உலகத் தொடருக்குப் போவதற்கான அரையிறுதித் தொடரில் நியூயார்க் யாங்கீஸ் 3-0 என்று முன்னிலை; இன்னும் ஒன்று தோற்றால் பாஸ்டன் வெளியே. நான்காவது ஆட்டம், வழக்கமாகக் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், பாஸ்டன் ஒரு ரன் பின்தங்கியிருக்கிறது. பந்து யாங்கீஸின் மரியானோ ரிவேராவின் கையில். மிலார் பொறுமையாக நின்று வாக் வாங்கினார் (நான்கு பந்துகள் தவறாக வந்தால் அடிக்காமலேயே முதல் பேஸுக்குப் போகலாம்). அவருக்குப் பதிலாக ஓட வந்த டேவ் ராபர்ட்ஸ் (இவர் சீசன் நடுவில் வந்தவர்) இரண்டாவது பேஸைத் திருடினார், அதாவது யாரும் பந்தை அடிக்காமலேயே ஓடி அதைப் பிடித்தார். மில்லர் அடித்த அடியில் ராபர்ட்ஸ் ஓடி வந்து ரன் எடுக்க, ஸ்கோர் சமம்; ஆட்டம் கூடுதல் இன்னிங்ஸுக்குப் போனது. 12-வது இன்னிங்ஸில் ஓர்டிஸின் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போல எல்லைக்கு வெளியே போகும் அடி), பாஸ்டன் வென்றது. அங்கிருந்து மீண்டு அந்தத் தொடரையும் கைப்பற்றி, அந்த ஆண்டுதான் 86 வருட வறட்சி தீர்ந்து பாஸ்டன் உலகத் தொடரை வென்றது.

சரி, கர்ட் ஷில்லிங் போன்ற பெரிய ஆட்களும் அணியில் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் பேஸ்பாலில் ஒன்பது பேரும் வரிசைப்படிதான் மட்டை பிடிக்க வேண்டும். நெருக்கடி வந்துவிட்டது என்று நட்சத்திரத்தை முறை மாற்றி இறக்க முடியாது. அதனால் வரிசையில் இருக்கும் ஓட்டையைக் குறைந்த செலவில் அடைப்பதே பெரிய லாபம்.