ஒரு மணி நேர வீடியோவைத் துண்டு போடுங்கள்

வணக்கம். உங்கள் நூலகத்தின் கட்டுரைத் தரவுத்தளங்களில் தேடக் கற்றுக்கொடுக்க ஒரு மணி நேர வீடியோ எடுத்துப் போட்டும் மாணவர்கள் பாதியிலேயே மூடிவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உள்ளடக்கத்தில் குறை இருக்காது, நீளம்தான் சிக்கல்.

ஒரு கேள்விக்கு ஒரு துண்டு என்று நாலைந்து நிமிடங்களாக வெட்டுங்கள். உதாரணத்துக்கு, மேற்கோள் குறி. நீர் மேலாண்மை என்று சும்மா தேடினால் இரண்டு சொல்லும் தனித்தனியாக வரும் கட்டுரைகளும் வந்து குவியும். இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டதும் பட்டியல் சட்டென்று சுருங்கும். அந்தக் கணத்தைத் திரையில் காட்டுங்கள், அதற்கு மேல் விளக்கமே வேண்டாம். திரையைப் பதிவு செய்ய ஓபிஎஸ் ஸ்டுடியோ போதும், இலவசம்.

அப்புறம் எச்5பி (H5P), வீடியோவுக்குள் கேள்விகளைச் சேர்க்க உதவும் கருவி. இதை நான் ரொம்பவே நம்புகிறேன். வீடியோவை நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்கலாம். சரியாகப் பதில் சொன்னால்தான் மேலே நகரும்படியும் அமைக்கலாம். மூடுல் (Moodle) என்ற இணையவழிப் பாடத் தளம் உங்களிடம் இருப்பதாகச் சொன்னீர்களே, அதற்குள்ளேயே இது வேலை செய்யும்.

பணம் கட்டினால்தான் முழுக் கட்டுரை என்று வந்து நிற்கும் மாணவர்களுக்கு அன்-பேவால் என்ற உலாவி நீட்சியைக் காட்டுங்கள். சட்டபூர்வமான இலவசப் பிரதி எங்காவது இருந்தால் பக்கத்தின் ஓரத்தில் திறந்த பச்சைப் பூட்டு தெரியும்.

நீங்கள் கற்றுக்கொள்ள வெப்ஜங்ஷன் என்ற இணையதளம் இருக்கிறது. ஓசிஎல்சி (OCLC) என்ற நூலகக் கூட்டமைப்பு 2003-ல் தொடங்கியது; நூலகர்களுக்கென்றே இலவசப் பாடங்கள், ஆனால் ஆங்கிலத்தில்.

முதல் துண்டு தயாரானதும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.