தெருநாய் கருத்தடை முகாமுக்குப் பஞ்சாயத்து நோட்டீஸ்: வழக்கு வருமா?

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நாங்கள் சிலர் சேர்ந்து, பொள்ளாச்சியிலிருந்து கால்நடை மருத்துவரை அழைத்து வந்து, தோட்டத்து ஷெட்டில் தெருநாய்களுக்கு இலவசக் கருத்தடை செய்கிறோம். மாலையே பிடித்த இடத்தில் விட்டுவிடுவோம். போன மாதம் ஒரு பெட்டை நாய் தையல் பிரிந்து செத்துப்போனது. பக்கத்து வீட்டுக்காரர் போலீசில் புகார் கொடுத்துவிட்டார். பஞ்சாயத்துச் செயலாளர் நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் முகாமை நிறுத்துங்கள், செயலாளர் பக்கம் சட்டம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் கருத்தடை விதிகளின்படி தெருநாய்க் கருத்தடை உள்ளாட்சியின் பொறுப்பு. யார் செய்தாலும் இந்திய விலங்கு நல வாரியத்தின் திட்ட அங்கீகாரச் சான்று வேண்டும். அந்த அங்கீகாரம் இல்லையென்று கேரள அரசின் பெண்கள் சுய உதவி அமைப்பான குடும்பஸ்ரீயையே கேரள உயர் நீதிமன்றம் 2021இல் தடுத்தது, உங்களை விட்டுவிடுமா? வீட்டு நாய் என்றால் கதை வேறு. உரிமையாளர் எழுத்தில் சம்மதித்தால் பதிவு பெற்ற மருத்துவர் தம் கிளினிக்கிலேயே செய்யலாம்.

வழக்கு என்று வந்தால், விலங்கைக் கொல்வதற்கும் ஊனப்படுத்துவதற்குமான பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவு (5 ஆண்டு வரை சிறை) நிற்பது கடினம். கேடு செய்யும் எண்ணமோ, கேடு வரும் என்ற அறிவோ இருந்ததாகக் காட்ட வேண்டும். 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவுதான் உங்களுக்கு உறுத்தல். வயிற்றைத் திறந்து தைத்த பெட்டையை மயக்கம் முழுதும் தெளியுமுன் தெருவில் விட்டால் அது தையலை நக்கும், கடிக்கும், மண்ணில் புரளும், ஓடும். சீழ் வைத்துப் பிரியும். நான்கைந்து நாளாவது தனிக் கூண்டில் வைத்துக் காயத்தைப் பார்த்திருக்க வேண்டும். அன்று மாலையே விட்டீர்கள் என்பதை எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும்.

மருத்துவரின் பதிவு எண், மயக்க மருந்து அளவு, வெறிநோய்த் தடுப்பூசி விவரம், படங்கள் என்று கையிலிருப்பதை எல்லாம் சேகரியுங்கள். இல்லாத பதிவேட்டை இப்போது உட்கார்ந்து எழுதாதீர்கள். அது தனி வழக்காகிவிடும். நோட்டீசுக்குக் கெடுவுக்குள் பதில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். தமிழிலேயே எழுதலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களில் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. பலர் இதைக் கேட்பதே இல்லை.

தொடர்ந்து வேலை செய்ய வழி உண்டு. அங்கீகாரம் பெற்ற எந்தக் கருத்தடை மையம் உங்கள் பஞ்சாயத்துக்கு உரியது என்று செயலாளரிடம் மனுவில் கேளுங்கள். மாவட்ட கால்நடைத் துறைக்கும் நகல் போகட்டும். நாய்களை அடையாளம் காட்டுவது, பிடிக்க உதவுவது, கூண்டில் கவனிப்பது என்று உங்கள் ஆட்களை அந்த மையத்துக்குக் கொடுங்கள். பிடித்த தெரு, ஆணா பெட்டையா, எண் எல்லாம் பதிவேட்டில் ஏறி, காதில் அடையாள வெட்டுப் போட்டு, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, அதே தெருவில்தான் விட வேண்டும். அகற்றிய உறுப்புகளை எண்ணி அந்தப் பதிவேட்டோடு ஒப்பிடுவார்கள். கோபாலபுரம் எல்லைச் சாவடியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோய் அறுவை செய்து அங்கேயே விட்டுவிடுவது விதிமீறல். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்தவை இதற்கு விலக்கு: 2025 நவம்பர் 7 உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அவற்றைத் திரும்ப அங்கே விடக்கூடாது, காப்பகத்துக்குத்தான்.

நாயைப் பிடிப்பவர்கள் கடிபடுமுன்பே தடுப்பூசியை 0, 7, 21 (அல்லது 28)ஆம் நாட்களில் போட்டுக்கொள்ளட்டும். மனுவுக்குப் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். மையமே இல்லை என்று எழுத்தில் வந்தால், அந்தக் காகிதத்தோடு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்.