கல்லில் பதிந்த இலைக்கு இனப் பெயர் சொல்ல முடியுமா?

கேள்வி: ஒடிசாவில் தால்சேர் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் என் அண்ணன், இலை பதிந்த கருஞ்சாம்பல் நிறக் கல் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார். நாக்கு போன்ற வடிவம், ஒரு சாண் நீளம். புதைபடிவம் விற்கும் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, “அழிந்துபோன புது மர இனம். பணம் கொடுத்தால் உங்கள் பெயரிலேயே பதிந்து சான்றிதழ் வாங்கித் தருகிறேன்” என்கிறார். நம்பலாமா?

பதில்: பணம் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் சொல்லும் வடிவத்தையும் இடத்தையும் வைத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் குளோசோப்டெரிஸ். பிரான்சு நாட்டுத் தாவரவியலாளர் அடால்ஃப் பிராங்னியார் 1828-ல் வைத்த பெயர் அது. சுமார் 30 கோடி முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவும் ஆப்பிரிக்காவும் ஆஸ்திரேலியாவும் அண்டார்டிகாவும் ஒட்டிக் கிடந்த காலத்தில் காடு காடாக நின்ற மரம். தால்சேர், ஜாரியா, ராணிகஞ்ச் நிலக்கரியில் பெரும்பங்கு இந்தக் காடுகள்தான்.

உறுதி செய்ய பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். டார்ச்சை நேராக அடிக்காமல் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நடு நரம்பு தெளிவாக ஓடுகிறதா, அதிலிருந்து கிளம்பும் சிறு நரம்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலைபோலக் கண் கண்ணாகப் பின்னியிருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் குளோசோப்டெரிஸ். வலை இருந்து நடு நரம்பு இல்லாவிட்டால் அதன் உறவான கங்கமோப்டெரிஸ்.

சரி, அதில் எந்த இனம்? இந்தியாவிலிருந்து மட்டும் பல பத்து ‘இனங்களை’ விவரித்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை இலையின் உருவத்தையும் நரம்பு வலையையும் வைத்துப் பிரித்தவை. பலாக் கன்றைப் பாருங்கள், சில இலைகள் மடல் மடலாகப் பிளந்திருக்கும். அதே கன்று மரமானதும் இலை முழுசாகிவிடும். ஒரு மரத்துக்குள்ளேயே இப்படி என்றால், உதிர்ந்த ஒற்றை இலையை வைத்து மரத்தின் இனத்தை அடித்துச் சொல்ல முடியுமா? அதனால்தான் இந்த மரத்தின் இலைக்கு ஒரு பெயர், வேருக்கு வெர்டிப்ரேரியா என்று தனிப்பெயர், விதை தாங்கிய உறுப்புகளுக்கு வேறு பெயர்கள். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடைப்பது அபூர்வம். தென் ஆப்பிரிக்காவின் தாவரப் புதைபடிவ ஆய்வாளர் எட்னா பிளம்ஸ்டெட், இலையோடு ஒட்டியிருந்த இனப்பெருக்க உறுப்புகளை 1952-ல் விவரித்தது பெரிய செய்தியானது அதனால்தான்.

ஒற்றை இலையை வைத்து இனம் சொல்ல முடியாது என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் கல்லிலும் அது இருக்கலாம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். சில கற்களில் இருப்பது வெறும் அச்சு. சிலவற்றில் இலையே மெல்லிய கரிப்படலமாக மிஞ்சியிருக்கும். கல்லைச் சாய்த்துப் பார்த்தால் இலை மட்டும் கறுப்பாக மினுங்கும், ஓரம் செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கும். அந்தப் படலத்தை ஆய்வகத்தில் அமிலத்திலும் பிறகு காரத்திலும் பக்குவப்படுத்தினால், கரி கரைந்து இலையின் மெழுகுத்தோல் கண்ணாடித்தாள் போல வரும். நுண்ணோக்கியில் செல்களின் வரிசையும் இலைத்துளைகளின் அமைப்பும் தெரியும். உருவத்தில் ஒன்றாக இருக்கும் இரண்டு இலைகளை வெவ்வேறு என்று பிரிக்க அது நல்ல ஆதாரம். வீட்டில் முயலாதீர்கள், அந்த அமிலக் கலவை ஆபத்தானது. அதைவிட முக்கியம், படலத்தைக் காப்பாற்றுங்கள். கழுவக் கூடாது, பிரஷ் போடக் கூடாது. படம் பளிச்சென்று வர எண்ணெய் தடவுகிறார்கள், வார்னிஷ் அடிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இப்படிப் பாழான கற்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு விட்டுப்போகிறது.

இப்போது அந்தச் சான்றிதழ். காசு கட்டி மர இனத்தைப் பதியும் அலுவலகம் எங்கும் கிடையாது. புதுப் பெயர் செல்லுபடியாக வேண்டுமானால் விளக்கமும் படமும் ஆய்விதழிலோ நூலிலோ வெளிவர வேண்டும். ஆதாரக் கல் எது, எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்பதையும் அதில் எழுத வேண்டும். உங்கள் ஆள் தருவது அச்சடித்த தாள். இவரைப் போன்றவர்கள்தான் சுண்ணாம்புக்கல் விரிசலில் மாங்கனீசு படிந்து கிளை கிளையாகப் பரவிய கறையை ‘பெரணிப் புதைபடிவம்’ என்று விற்கிறார்கள். அதில் நடு நரம்பும் இருக்காது, இலை விளிம்பும் இருக்காது.

இவர்கள் பிழைப்பதற்குக் காரணம் நம் அமைப்புதான். படம் அனுப்பிக் கேட்டால் மாதக்கணக்கில் பதில் வராது. ஒரு துறையில் லேபிள் தொலைந்த கற்கள் அட்டைப்பெட்டியில் குவிந்து கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். எங்கே எடுத்தது என்று தெரியாத கல்லை வைத்து என்ன ஆராய்வது?

அதனால் இன்றே அண்ணனுக்குப் போன் போடுங்கள். எந்தச் சுரங்கம், எந்தக் கரி அடுக்கு, அடுக்குக்கு மேலிருந்த பாறையா கீழிருந்ததா, எப்போது எடுத்தது என்று கேட்டு எழுதிக் கல்லோடு வையுங்கள். கல் பிளந்தபோது வந்த மறுபாதியும் இருந்தால் அதையும் தேடச் சொல்லுங்கள். கல் எடுத்த விஷயம் சுரங்கத்தின் புவியியலாளருக்கும் தெரிந்திருக்கட்டும். பிறகு பக்கவாட்டு வெளிச்சத்தில், அருகில் ஒரு ஸ்கேல் வைத்துப் படமெடுத்து, இந்தக் குறிப்போடு புதைபடிவங்களை ஆராயும் லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். அதுவரை கல்லைக் காகிதத்தில் சுற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஈரமும் வெயிலும் மாறி மாறிப் பட்டால் இந்தக் களிப்பாறை ஏடு ஏடாகப் பிரிந்துவிடும்.