கோடைக் கட்டமைப்பைக் கலையுங்கள்: ஆவணி, புரட்டாசித் தோட்டத்துக்கான கேள்வி – பதில்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கும். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில்தான் கொட்டுகிறது. அதற்கு முன் கிடைக்கும் ஆவணியும் புரட்டாசியும் வீட்டுத்தோட்டத்துக்கு மிக முக்கியமான நாட்கள். இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், கோடைக்காகச் செய்த ஏற்பாடு இப்போது செடிக்கே கெடுதலாகிவிட்டதைப் பற்றியவை.

மாடித்தோட்டத்தில் தக்காளி, கத்தரி வைத்திருக்கிறேன். மண் ஈரமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அடி இலைகள் மஞ்சளாகி, பகலில் செடி துவண்டுவிடுகிறது. தண்ணீரைக் கூட்டியும் பலனில்லை. என்ன உரம் போடலாம்?
– வாசகி, தாம்பரம்

உரம் வேண்டாம். தண்ணீரை உடனே நிறுத்துங்கள். ஈர மண்ணில் செடி துவண்டால் பெரும்பாலும் வேருக்குக் காற்று கிடைக்கவில்லை என்று பொருள். மூச்சுவிட முடியாத வேர் தண்ணீரை உறிஞ்சாது. அதனால் செடி தாகத்தில் வாடுவது போலவே தெரியும். அதை நம்பி இன்னும் ஊற்றினால் வேர் அழுகிவிடும்.

செடி வைத்த பையின் ஓரத்தில் மூன்று அங்குலம் தோண்டிப் பாருங்கள். வேர் வெள்ளையாக இருந்தால் செடி பிழைக்கும். பழுப்பாகி, இழுத்தால் தோல் உரிந்து, சாக்கடை வாடை வந்தால் அது அழுகல். இலை பச்சையாக இருக்கும்போதே முழுச்செடியும் ஓரிரு நாளில் சாய்ந்தால் வேறொரு சோதனை இருக்கிறது. தண்டின் அடியில் இரண்டு அங்குலத் துண்டு வெட்டி, கண்ணாடித் தம்ளரில் இருக்கும் தண்ணீரில் அதன் முனை மட்டும் படும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் பால்போல வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். அதற்கு வீட்டில் மருந்து கிடையாது. செடியையும் மண்ணையும் அகற்றிவிடுங்கள். அந்த மண்ணில் கத்தரி, மிளகாய், தக்காளி எதையும் மறுபடி வைக்காதீர்கள்.

உங்கள் பையில் பெரும்பாலும் தென்னை நார்க்கழிவுதான் இருக்கும். கோடையில் ஈரம் பிடித்துவைக்க அது அருமையான பொருள். தொடர்ந்து மழை பெய்யும்போது அதே குணம் எதிரியாகிறது. ஓராண்டு பழகிய நார்க்கழிவு நொறுங்கி மாவாகி, காற்றுப் புழங்கும் இடத்தை அடைத்துக்கொள்ளும். புதிதாக நிரப்பும் பைகளுக்குச் செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணலோ எம்-சாண்டோ ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, நார்க்கழிவு அரைப் பங்கு போதும். இந்தக் கலவை கனமானது. 12 அங்குலப் பை நனைந்தால் 20 கிலோவைத் தாண்டும். எனவே தளத்தின் நடுவில் குவிக்காமல், சுவரும் உத்தரமும் தாங்கும் ஓரங்களில் வரிசையாக வையுங்கள்.

இப்போது இருக்கும் பைகளில் அடிப்பக்கத் துளைகளை ஒரு குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். பெரும்பாலும் வேரும் மண்ணும் அடைத்திருக்கும். ஒவ்வொரு பையையும் இரண்டு செங்கல்மேல் ஏற்றுங்கள். தரையோடு ஒட்டியிருக்கும் பையில் துளை இருந்தும் இல்லாத மாதிரிதான். மூடாக்காகப் போட்ட காய்ந்த இலைகளைத் தண்டிலிருந்து நான்கு அங்குலம் விலக்கி, மெல்லிய அடுக்காகக் குறையுங்கள்.

பச்சை நிழல்வலையையும் ஆவணிக்குள் எடுத்துவிட வேண்டும். வெயிலில் பாதியைத் தடுக்கும் 50 சதவீத வலையின் அடியில் மேகமூட்ட நாட்களும் சேர்ந்தால் செடி வெளிச்சம் தேடி நீண்டு, தண்டு மெலிந்து, முதல் காற்றுக்கே ஒடியும். மேகமான ஒரு நாளில் எடுங்கள். கடும் வெயில் நாளில் திடீரென்று நீக்கினால் இலை கருகும். கட்டிய வலை புயல்காற்றில் பாய்மரமாகிக் கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு போகும் என்பதால், இதைத் தள்ளிப்போடவே கூடாது.

இனி நேரம் பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், உலர்ந்திருந்தால் மட்டும் காலையில் ஊற்றுங்கள். பலத்த மழைக்குப் பின் தழைச்சத்து கரைந்து வெளியேறியிருக்கும். மூன்று நாள் வெயில் அடித்தபின், 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்து, பைக்கு ஒரு தம்ளர் விடுங்கள். வேர் அழுகிய செடிக்கு இதைக் கொடுத்தால் சீக்கிரம் செத்துப்போகும். புதுத் துளிர் தெரியும் வரை காத்திருங்கள்.

ஆடிப்பெருக்கன்று போட்ட அவரை பந்தல் முழுக்கப் படர்ந்துவிட்டது. ஒரு பூகூட இல்லை. விதை சரியில்லையா?
– வாசகர், மேலூர்

விதையில் குறை இல்லை. நாட்டுப் பந்தல் அவரை பகல் நேரம் குறைந்தால்தான் பூக்கும். நம் ஊரில் பகல் 12 மணி நேரத்துக்குக் கீழே இறங்குவது அக்டோபரில். ஐப்பசி, கார்த்திகையில் பூவெடுத்து, மார்கழி, தை மாதங்களில் காய் கொட்டும். ஆடியில் விதைப்பதே அதற்குள் கொடி வலுவாகட்டும் என்றுதான்.

பொறுக்கமுடியாமல் சாணக் கரைசல், யூரியா என்று ஊட்டாதீர்கள். தழை கூடும், பூ இன்னும் தள்ளும். பந்தல் ஏறிய கொடிகளின் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளைகள் பெருகும். பூங்கொத்து அந்தப் பக்கக் கிளைகளில்தான் வரும். தெருவிளக்கு இரவெல்லாம் விழும் பக்கத்தில் பூக்கத் தாமதமாகலாம், அங்கே ஒரு தடுப்பு கட்டுங்கள். எல்லாக் காலத்திலும் காய் வேண்டுமானால் குத்து அவரை போடலாம். ருசியில் பந்தல் அவரைக்கு அது ஈடாகாது. பூ வந்ததும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி வரும். மொட்டில் கறுப்பாக மொய்த்திருப்பதைக் கண்ட அன்றே தண்ணீரைப் பீய்ச்சி அடித்து உதிர்த்துவிடுங்கள்.

பீர்க்கன், பாகல் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்கின்றன. சிலவற்றுக்குள் புழு. கடையில் பழ ஈப் பொறி வாங்கி மாட்டியும் குறையவில்லை.
– வாசகி, பொள்ளாச்சி

இதில் இரண்டு பிரச்சினைகள் கலந்திருக்கின்றன. புழு இல்லாமல் சுருங்கி உதிரும் பிஞ்சு மகரந்தம் சேராதது. மழையில் மகரந்தம் நனைந்து வீணாகும், தேனீயும் வராது. கையால் சேர்க்கலாம், ஆனால் நேரம் முக்கியம். பாகல், பூசணி பூக்கள் விடியலில் விரிபவை, எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். பீர்க்கன், சுரை மாலையில் விரியும், ஐந்து மணிக்கு மேல் போங்கள். பீர்க்கனைக் காலையில் தொட்டுப் பயனில்லை. ஆண் பூவின் இதழ்களைக் கிள்ளிவிட்டு, அதன் நடுவிலுள்ள மஞ்சள் தூளைப் பிஞ்சோடு இருக்கும் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள்.

புழுவுக்குக் காரணம் பழ ஈ. உங்கள் பொறியின் உறையில் ‘மெத்தில் யூஜினால்’ என்று இருக்கிறதா பாருங்கள். அது மா, கொய்யாவைத் தாக்கும் ஈயை இழுப்பது. கொடிக் காய்களில் முட்டையிடும் ஈ வேறு இனம், அதற்குக் ‘கியூலூர்’ வில்லை வேண்டும். கேட்டு வாங்குங்கள். இரண்டுமே ஆண் ஈக்களை மட்டும்தான் பிடிக்கும் என்பதால் பொறி ஒன்றே போதாது. பிஞ்சு சுண்டுவிரல் அளவானதும் பழைய மல்துணிப் பையோ காகித உறையோ மாட்டுங்கள், மழை நாளுக்குத் துணிதான் தாங்கும். சொத்தைக் காய்களை உரக்குழியில் போடாதீர்கள். கட்டிய பாலித்தீன் பையில் வெயிலில் ஒரு வாரம் வையுங்கள். புழு மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகிறது. பந்தலின் அடிமண்ணை அவ்வப்போது கொத்திப் புரட்டினால் அவை வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும்.

மல்லிகையை இப்போதே கவாத்து செய்யலாமா?
– வாசகி, ஸ்ரீரங்கம்

வேண்டாம். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில். இப்போது வெட்டினால் இளந்துளிர் முழுக்க அடைமழையில் மாட்டும். அந்த வாரத்தில் மழை விடவில்லை என்றால் டிசம்பரில் மழை ஓய்ந்ததும் வெட்டுங்கள். பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. இப்போதைக்குக் காய்ந்த குச்சிகளை மட்டும் நீக்குங்கள்.

வீட்டு முருங்கை மிக உயரமாகிவிட்டது. புயல் காலத்தில் பயமாக இருக்கிறது. மழை தொடங்கினால் தண்டெல்லாம் கம்பளிப்புழு வேறு.
– வாசகர், சிதம்பரம்

காய்ப்பு முடிந்ததும், புரட்டாசி பிறக்குமுன் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வெட்டுங்கள். வெட்டு சாய்வாக இருக்கட்டும், தட்டையாக இருந்தால் நீர் தேங்கி உள்ளே அழுகும். வெட்டுவாயில் சாணம் அப்புவதைவிட போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைத் தடுப்பு) தடவுவது நல்லது. துளிர்களில் வலுவான நான்கைந்தை நாலாபுறமும் விட்டுவிட்டு மற்றதை ஒடித்துவிடுங்கள். பி.கே.எம்.-1 போன்ற செடிமுருங்கையானால் நான்கைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும்.

அதைவிட அவசரம் மரத்தின் அடி. கோடையில் நீர் பாய்ச்ச வெட்டிய வட்டப் பாத்தி மழையில் குளமாகும். முருங்கை வேர் தேங்கும் நீரைத் தாங்காது. புயலில் சாயும் மரங்களில் பலவற்றின் வேர் முன்பே அழுகியிருக்கும். பாத்தியை மூடி, தண்டைச் சுற்றி அரையடி உயரத்துக்கு மண் அணைத்து, நீர் வெளியே ஓட வாய்க்கால் விடுங்கள்.

கம்பளிப்புழு பகலில் தண்டில் கும்பலாக ஒட்டியிருக்கும், இரவில் ஏறி இலை தின்னும். அதனால் பகலில்தான் பிடிக்க வேண்டும். மீன் எண்ணெய் ரோசின் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் கரைத்துக் கும்பல்மேல் தெளியுங்கள். தீப்பந்தம் காட்டுவது வேண்டாம், மென்மையான பட்டை வெந்து பிறகு அதுவே நோய் நுழையும் வாசலாகும். கையால் தொடாதீர்கள், ரோமம் பட்டால் கடுமையாக அரிக்கும்.

சமவெளியில் காலிஃபிளவர் வருமா? போன வருடம் நாற்றிலேயே சாய்ந்துவிட்டது.
– வாசகர், ஆற்காடு

வரும், குறுகிய காலத்தில் பூ கட்டும் வெப்பமண்டல ரகம் என்று கேட்டு வாங்கினால். நீண்ட கால ரகங்களுக்கு நம் மார்கழிக் குளிர் போதாது, இலை மட்டுமே மிஞ்சும். புரட்டாசியில் நாற்று விட்டு, 25 நாளில் நடுங்கள்.

நாற்று தரைமட்டத்தில் கருகிச் சாய்வது நாற்றழுகல். நெருக்கமாக விதைப்பதும் மாலையில் தெளிப்பதும்தான் வழக்கமான காரணங்கள். குழித்தட்டில் குழிக்கு ஒரு விதை போடுங்கள். ஒரு கிலோ மக்கிய எருவில் 50 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து, லேசாக ஈரப்படுத்தி, நிழலில் இரண்டு வாரம் வைத்து, அதைக் கலவையில் சேருங்கள். தாமிர மருந்து தெளித்த மண்ணில் உடனே இதைப் போட்டால் இந்தப் பூஞ்சை பிழைக்காது, பதினைந்து நாள் இடைவெளி வேண்டும். தட்டுக்கு மேலே ஒன்றரையடி உயரத்தில் கண்ணாடித்தாள் கூரை போட்டு, நாலு பக்கமும் திறந்துவிடுங்கள். தண்ணீர் காலையில் மட்டும்.