காவல் நிலையம் முதல் புழல் வரை: வழக்கு இப்போது யார் கையில்?

சென்னையின் குற்றவியல் நீதிமன்றங்களில் அரசு உதவி வழக்கறிஞராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் உறுப்பினர், காவல் நிலையம், தடய அறிவியல் துறை, அரசு வழக்கறிஞர், நீதிமன்றம், சிறை ஆகியவை ஒரே வழக்கில் எவ்வாறு சேர்ந்து இயங்குகின்றன என்று கேட்டவர்களுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி (பெரம்பூர்): ஐயா, என் அண்ணனைத் தாக்கிய வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்துவிட்டதாகக் காவல் நிலையத்தில் சொல்கிறார்கள். எழும்பூர் நீதிமன்றத்தில் விசாரித்தால் அப்படி ஒரு வழக்கே பதிவில் இல்லை என்கிறார்கள். யார் சொல்வது உண்மை?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம் என்பதுதான் இதில் வேதனையான செய்தி. விசாரணை அதிகாரி இறுதி அறிக்கையை, அதாவது குற்றப்பத்திரிகையை, நீதிமன்ற அலுவலகத்தில் கொடுத்தவுடன் காவல் துறையின் கணக்கில் அது தாக்கல் ஆகிவிடுகிறது. ஆனால் நீதிமன்ற அலுவலகம் சாட்சிகளின் வாக்குமூலங்கள், மகஜர் (சம்பவ இடத்தையும் கைப்பற்றிய பொருட்களையும் பற்றிச் சாட்சிகள் முன் எழுதப்படும் பதிவு), காயச் சான்றிதழ், சட்டப் பிரிவுகள் ஆகிய அனைத்தையும் சரிபார்த்து, குறை ஏதும் இல்லை என்றால்தான் நடுவர் (மாஜிஸ்திரேட்) அதைக் கோப்பில் எடுத்து எண் கொடுப்பார். குறை இருந்தால் அறிக்கை நிலையத்துக்கே திருப்பி அனுப்பப்படும். அதற்குள் விசாரணை அதிகாரி வேறு நிலையத்துக்கு மாறுதலாகிப் போயிருந்தால், திரும்பி வந்த கட்டு யார் பார்வையிலும் படாமல் அலமாரியிலேயே கிடந்துவிடுவது உண்டு.

எனவே, "குற்றப்பத்திரிகை போட்டாயிற்றா?" என்று மட்டும் கேட்காதீர்கள். முதல் தகவல் அறிக்கையின் எண்ணையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு, அறிக்கை கோப்பில் எடுக்கப்பட்டதா, சி.சி. எண் (நடுவர் நீதிமன்றம் வழக்குக்குக் கொடுக்கும் எண்) என்ன என்று கேளுங்கள். கொலை முயற்சி போன்ற, அமர்வு நீதிமன்றம் (செஷன்ஸ் நீதிமன்றம்) மட்டுமே விசாரிக்கக்கூடிய குற்றமாக இருந்தால் முதலில் பி.ஆர்.சி. எண் என்னும் பூர்வாங்கப் பதிவு எண்தான் கிடைக்கும், நடுவர் வழக்கை அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்பிய பிறகு வேறு எண் வரும். திருப்பப்பட்டது என்று தெரிந்தால், அந்த நிலையத்தின் நீதிமன்றப் பணிக் காவலரைச் சந்தித்து, என்ன குறைக்காகத் திருப்பினார்கள் என்று கேட்பதே முதல் வேலை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193ஆம் பிரிவு, புலன்விசாரணையின் முன்னேற்றத்தைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று காவல் துறைக்குக் கடமை விதித்திருக்கிறது. தயங்காமல் எழுத்து மூலம் கேளுங்கள்.

கேள்வி (அண்ணா நகர்): அரசு வழக்கறிஞர் முன்கூட்டியே பார்த்துத் திருத்திக் கொடுத்தால் இந்தக் குறைகளே வராதே? காவல் துறை அவருக்குக் கட்டுப்பட்டதுதானே?

பதில்: இல்லை. காவல் துறை அரசு வழக்கறிஞருக்குக் கட்டுப்பட்டதன்று. அவரும் காவல் துறைக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இந்தப் பிரிவினையை உறுதி செய்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், அரசு வழக்கறிஞரின் கருத்தைப் பெற்றுத்தான் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும் என்று விசாரணை அதிகாரிக்கு உத்தரவிட முடியாது எனத் தெளிவாகக் கூறியது. யார் மீது குற்றம் சாட்டுவது என்பது புலன்விசாரணை செய்தவரின் சொந்த முடிவாக இருக்க வேண்டும் என்ற அந்த நிலைப்பாடு சரியானது என்றே நான் கருதுகிறேன். ஆயினும், கட்டளைக்குப் பணிவது வேறு, ஆலோசனை கேட்பது வேறு. புதிய சட்டத்தின் 20ஆம் பிரிவு, ஏழு ஆண்டு முதல் பத்து ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய வழக்குகளில் காவல் துறை அறிக்கையை ஆராயும் பணியைக் அரசு வழக்கறிஞர்களை மேற்பார்வையிடும் குற்ற வழக்குத் தொடர்வுத் துறையின் துணை இயக்குநருக்கு அளித்துள்ளது. விசாரணை அதிகாரி தாமாகவே முன்வந்து கலந்து பேசிய வழக்குகள், சாட்சிக் கூண்டில் உடையாமல் நின்றதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி (சைதாப்பேட்டை, சட்டக் கல்லூரி மாணவி): தடய அறிவியல் அறிக்கை வரவில்லை என்று சொல்லியே வழக்குகள் நிற்கின்றனவே, அது ஏன்?

பதில்: 1849இல் மதராஸில் தொடங்கிய இரசாயனப் பரிசோதகர் ஆய்வகத்தின் வழியில் வந்ததுதான், இன்று மயிலாப்பூரில் இயங்கும் தடய அறிவியல் துறை. கைப்பற்றிய பொருளை விசாரணை அதிகாரி முதலில் நீதிமன்றத்தில் ஒப்படைக்கிறார். நீதிமன்றத்தின் கடிதத்துடன் அது ஆய்வகத்துக்குச் செல்கிறது. அறிக்கையும் நீதிமன்றத்துக்கே வருகிறது. நடுவில் யாரும் பொருளை மாற்றிவிடவில்லை என்று பின்னாளில் நிரூபிக்க இந்தச் சுற்று தேவை. ஆனால் ஒவ்வொரு கைமாற்றத்திலும் முத்திரை, தேதி, கையொப்பம் ஆகியவற்றில் ஒன்று விடுபட்டாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொள்வார் என்பதை மறக்கக் கூடாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் காவலில் இருக்கும்போது, மரணம், ஆயுள், அல்லது பத்து ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றமானால் 90 நாட்களிலும், மற்றவற்றில் 60 நாட்களிலும் இறுதி அறிக்கை தாக்கலாக வேண்டும். இல்லையேல் அவர் ஜாமீன் கேட்டால் மறுக்க முடியாது. ஆய்வகம் தாமதிக்கிறது என்பதற்காக இந்தக் காலவரம்பு நீளாது. ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே செல்ல வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. இதை மாநிலங்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவரலாம். இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஆட்களையும் கருவிகளையும் பெருக்காவிட்டால், சேகரிப்பு வேகமாகி ஆய்வு மட்டும் தேங்கி நிற்கும்.

கேள்வி (வியாசர்பாடி): விபத்து வழக்கில் பிடிபட்ட என் வண்டி நிலைய வாசலில் மழையில் துருப்பிடிக்கிறது. எப்போது கிடைக்கும்?

பதில்: வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாகனப் பதிவுச் சான்றுடனும் காப்பீட்டு ஆவணத்துடனும் நடுவரிடம் இடைக்கால ஒப்படைப்பு மனு போடுங்கள். வாகனங்களை நிலையத்தில் நெடுங்காலம் போட்டு வைக்கக் கூடாது என்று 2002இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

கேள்வி (கொருக்குப்பேட்டை): அம்மா வீட்டு வேலை செய்கிறார். தம்பிக்கு ஜாமீன் கிடைத்தும் இன்னும் புழல் சிறையில்தான் இருக்கிறான். ஜாமீன்தாரர் யாரும் கிடைக்கவில்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் தம்பியைப் போன்றவர்களுக்காகவே 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் சில உத்தரவுகளைப் பிறப்பித்தது. ஜாமீன் வழங்கிய நீதிமன்றம், உத்தரவின் நகலை அன்றோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஏழு நாட்களுக்குள் கைதி வெளிவராவிட்டால், கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க இயலாதபோது, நிபந்தனையைத் தளர்த்த வேண்டுமா என்று நீதிமன்றமே பரிசீலிக்கலாம். ஏழு நாள் கடந்திருந்தால், உங்கள் அம்மாவை வழக்கு எண்ணுடனும் ஜாமீன் உத்தரவின் தேதியுடனும் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அனுப்புங்கள், அல்லது 15100 என்ற இலவச எண்ணில் பேசச் சொல்லுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தரப்படுவார். பிணைத் தொகையைக் குறைக்கவோ, ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பிணையில் விடவோ கோரும் மனுவை அவரே தாக்கல் செய்வார். அதற்காக அம்மா யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.